ஏ.சி. மெக்கானிக் தம்பிக்கு ஆன்லைனில் புரொஃபைல் போடுவது எப்படி?

கோவை சிங்காநல்லூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தம்பி ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 11 வருடமாக ஏ.சி. மெக்கானிக். இதுவரை ஒரு டீலரிடம் ஆளாக இருந்தவர், இப்போது வீட்டிலிருந்தே சொந்தமாக வேலை எடுக்கிறார். கடை கிடையாது. ஒரு பைக், ஒரு டூல் பேக், ஏ.சி.யைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஒரு ஜெட் பம்ப், அவ்வளவுதான். கூகுள், ஜஸ்ட் டயல், சுலேகா, அர்பன் கம்பெனி இவற்றில் எதில் ஆரம்பிப்பது, என்ன எழுதுவது, பணம் கட்டலாமா என்பது கேள்வி.

நான் திருப்பூரில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயின்டர், வீட்டுக்கு வந்து மெஹந்தி போடுகிறவர்கள் என்று பலருக்கும் கூடவே உட்கார்ந்து இந்தப் பதிவுகளைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பட்ட அனுபவத்தையும் சேர்த்து விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் மாதம், மதியம் இரண்டு மணி. ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் தனியாக இருக்கிறார். இல்லையென்றால் பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வயதான தம்பதி. ஏ.சி. இருப்பது படுக்கையறையில். முன்பின் தெரியாத ஒருவரை அந்த அறை வரைக்கும் அழைத்துப் போக வேண்டும். போனைக் கையில் எடுத்ததும் அவர்களுக்கு வருகிற கேள்விகள் நாலுதான். யார் வருவார்? எப்போது வருவார்? எவ்வளவு கேட்பார்? "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று இல்லாததைச் சொல்லிப் பணம் பிடுங்குவாரா? தம்பியின் புரொஃபைலில் போடும் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு படமும் இந்த நாலில் ஒன்றுக்காவது பதில் சொல்ல வேண்டும். சொல்லாத வரியை எடுத்துவிடுங்கள். "தரமான சேவை, நியாயமான விலை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதைப் படித்துக் கதவைத் திறந்தவர் யாரும் இல்லை.

எந்தத் தளம் என்பதற்கு என் பதில்: கூகுளில் ஆரம்பியுங்கள். காரணம், கூகுளிலும் அதன் மேப்பிலும் தேடும்போது தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலுக்குக் கட்டணம் கிடையாது, அழைப்பு நேராகத் தம்பியின் போனுக்கு வரும், நடுவில் யாரும் இல்லை. அங்கே சேரும் ரிவ்யூவும் அவர் பெயரிலேயே நிற்கும். ஜஸ்ட் டயல், சுலேகா வேறு ரகம். ஜஸ்ட் டயல் 1996ல் மும்பையில் போன் வழியாக விசாரணைக்குப் பதில் சொல்லும் நிறுவனமாக ஆரம்பித்தது. 2021ல் ரிலையன்ஸ் ரீடெய்ல் அதன் பெரும்பங்கை வாங்கியது. சுலேகா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. இந்த மாதிரித் தளங்களில் வாடிக்கையாளர் தன் தேவையைச் சொன்னால் அந்த 'லீட்' பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குப் போகும். முதலில் கூப்பிட்டுப் பேசியவருக்கு வேலை கிடைக்கும். அர்பன் கம்பெனி மூன்றாவது ரகம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பதிவுக்கு உட்காரும் முன் ஒரு மாலை நேரம் முழுக்க ஆவணங்களுக்கு ஒதுக்குங்கள். நம் ஊரில் பாதிப் பதிவுகள் மாட்டிக்கொள்வது இனிஷியலில்தான். ஒருவர் பெயர் முருகேசன், அப்பா பெயர் கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'கே. முருகேசன்' என்று இருக்கும். பான் கார்டு விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் கட்டங்களில் இனிஷியல் ஏற்கமாட்டார்கள் என்பதால் அதில் 'முருகேசன் கந்தசாமி' என்று விரிந்திருக்கும். வங்கி பாஸ் புத்தகத்தில் 'முருகேசன் கே' என்று திரும்பி நிற்கும். மனிதருக்குப் பார்த்தால் ஒரே ஆள் என்று புரியும், கம்ப்யூட்டருக்குப் புரியாது. பணம் வங்கிக்கு வரும் தளங்களில் இதனாலேயே சரிபார்ப்பு வாரக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்றையும் மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் ஆதாரையோ வங்கிக் கணக்கையோ முதலில் திருத்திவிட்டு அப்புறம் பதிவுக்குப் போங்கள்.

கூடவே உத்யம் பதிவும் செய்துவிடுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020 ஜூலை 1 முதல் நடத்தும் பதிவு இது. ஆதாரும் பானும் இருந்தால் செய்யலாம், கட்டணம் இல்லை. யாராவது இதற்கு 1,500, 2,000 என்று கேட்டால் கொடுக்காதீர்கள். தொழில் பெயரில் ஒரு அரசுச் சான்று கையில் இருந்தால் பல இடங்களில் உதவும். ஐ.டி.ஐ. சான்றிதழையும் தெளிவாக ஸ்கேன் செய்து வையுங்கள்.

போன் நம்பரும் மின்னஞ்சலும் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். எனக்கு இதில்தான் அதிக வருத்தம். என்னிடம் வந்த ஒரு பெயின்டருக்கு ஏற்கெனவே கூகுளில் புரொஃபைல் இருந்தது, நாற்பதுக்கும் மேல் நல்ல ரிவ்யூ. போட்டுக் கொடுத்த ஆள் அதைத் தன்னுடைய ஜிமெயிலில் திறந்திருந்தார். பிறகு அவர்களுக்குள் மனஸ்தாபம். போட்டுக் கொடுத்த ஆள் புரொஃபைலில் இருந்த நம்பரை மாற்றிவிட்டார். வருகிற அழைப்பெல்லாம் வேறு ஒருவருக்குப் போனது. உரிமையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்து அலைந்ததில் அந்த மனிதருக்கு ஒரு சீசனே போய்விட்டது. அதனால், தம்பியின் சொந்த ஜிமெயிலில், அவர் போன் நம்பரோடு, பாஸ்வேர்டு அவருக்கே தெரியும்படி ஆரம்பியுங்கள். புரொஃபைலின் முதன்மை உரிமையாளர் அவராக இருக்கட்டும். உதவி செய்யும் நீங்களோ என்னைப் போன்ற ஒருவரோ 'மேனேஜர்' என்று சேர்ந்துகொண்டால் போதும். பிறகு எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடலாம்.

தொழிலுக்கு ஒரு தனி சிம் வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். அதுவும் இலவசம். பைக் ஓட்டும்போது வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும் வசதி அதில் இருக்கிறது. எல்லாத் தளத்திலும் இந்த ஒரே நம்பர், ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டலைக் கொடுங்கள். அப்புறம் அந்த நம்பர் ட்ரூகாலரில் என்ன பெயரில் வருகிறது என்று பாருங்கள். பழைய சிம் ஒருவரிடமிருந்து மாறி வந்திருந்தால் யாருடைய பெயரோ வரும். தம்பி திரும்பக் கூப்பிடும்போது அந்தப் பெயரைப் பார்த்தால் அந்த அம்மா போனை எடுக்கவே மாட்டார்.

இனி கூகுள் பதிவு. பெயர் கேட்கும் இடத்தில் தொழிலுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாரோ அதை மட்டும் போடுங்கள். பில் புத்தகத்தில், பைக்கில், விசிட்டிங் கார்டில் இருக்கும் அதே பெயர். 'பெஸ்ட் ஏ.சி. சர்வீஸ் கோயம்புத்தூர் லோ காஸ்ட் நியர் மீ' என்று பெயரிலேயே தேடல் சொற்களைத் திணிக்கச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். கூகுளின் விதிப்படி அது தவறு, புரொஃபைலையே முடக்கவும் கூடும். ஒரு பெரிய கம்பெனியின் பெயரைச் சேர்த்து 'ஆதரைஸ்டு சர்வீஸ் சென்டர்' என்று போடுவது இன்னும் மோசம். உண்மையான ஒப்பந்தம் இல்லாமல் அப்படிப் போடுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. அந்தக் கம்பெனி புகார் செய்தால் தப்பிக்க வழியும் இல்லை. எந்தெந்தக் கம்பெனி ஏ.சி.க்களில் வேலை தெரியும் என்று விளக்கத்தில் எழுதினால் போதும்.

முதன்மை வகை என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஏர் கண்டிஷனிங் ரிப்பேர் சர்வீஸ்' என்பதே தம்பிக்குப் பொருத்தம். கூடுதலாக ஒன்பது வகை வரை சேர்க்கலாம், ஆனால் சேர்க்க முடியும் என்பதற்காக எலக்ட்ரீஷியன், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்று அடுக்க வேண்டாம். தேடல் முடிவில் யாரை மேலே காட்டுவது என்பதற்குக் கூகுள் வெளிப்படையாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எந்த அளவு அறியப்பட்டவர். பத்து வேலை எழுதினால் எதற்கும் அழுத்தமாகப் பொருந்தாத ஆளாகத்தான் தெரிவார்.

கடை இல்லாததால் வீட்டு முகவரியைப் பொதுவில் காட்டத் தேவையில்லை. 'வாடிக்கையாளர் இடத்துக்குப் போய்ச் சேவை' என்று குறித்து முகவரியை மறைத்துவிட்டு, சேவைப் பகுதிகளைச் சேர்க்கலாம். இருபது பகுதி வரை இடம் உண்டு. இருபதையும் நிரப்பாதீர்கள். சிங்காநல்லூரிலிருந்து ராமநாதபுரம், சௌரிபாளையம், பீளமேடு, ஒண்டிப்புதூர், இருகூர் என்று பைக்கில் சுற்றி வரக்கூடிய இடங்களைப் போடுங்கள். வடவள்ளியும் துடியலூரும் நகரத்தின் அந்தக் கோடி. மே மாத வெயிலில் ஒரு வேலைக்காக அங்கே போய்த் திரும்புவதற்குள் பக்கத்தில் இரண்டு வேலையை விட்டிருப்பார். லீட்டுக்குப் பணம் கேட்கும் தளங்களில் இது இன்னும் முக்கியம். 'கோயம்புத்தூர் மாவட்டம் முழுக்க' என்று விட்டுவிட்டால் பொள்ளாச்சியிலிருந்து அழைப்பு வரும், அதற்கும் காசு போகும்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். '24 மணி நேரமும்' என்று போடாதீர்கள். இரவு ஒரு மணிக்கு வரும் அழைப்பை எடுக்காவிட்டால் போட்டது பொய் என்று ஆகிவிடும். காலை 8 முதல் இரவு 7 என்றால் அதைப் போடுங்கள்.

உறுதிப்படுத்தும் கட்டத்தில் இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். வெட்டி ஒட்டாமல், ஒரே ஓட்டமாக, குறைந்தது 30 விநாடி எடுக்க வேண்டும். தெருப் பெயர்ப் பலகை தெரிய வீட்டு வாசலில் ஆரம்பித்து, தொழில் பெயர் ஒட்டிய பைக், திறந்த டூல் பேக், கேஸ் சிலிண்டர், கேஸ் அழுத்தம் பார்க்கும் மானிஃபோல்டு கேஜ், ஜெட் பம்ப், பில் புத்தகம், தொழில் பெயர் இருக்கும் உத்யம் சான்று என்று நிதானமாகக் காட்டட்டும். மற்றவர்கள் முகமும் வங்கிக் கணக்கு எண்ணும் தெரியக் கூடாது. எடுப்பதற்கு முன் இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள். சரிபார்த்துச் சொல்ல ஐந்து வேலை நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். அதுவரை பெயரையோ முகவரியையோ மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, என்ன எழுதுவது? கூகுளில் விளக்கத்துக்கு 750 எழுத்துகள்தான். இணைப்புகள் கூடாது, சலுகை விலை விளம்பரமாக இருக்கவும் கூடாது. தம்பிக்கு நான் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் இப்படித்தான் எழுதுவேன்:

"சிங்காநல்லூரில் இருக்கிறேன். ஐ.டி.ஐ. முடித்து 11 வருடமாக ஏ.சி. வேலை செய்கிறேன். வாட்டர் சர்வீஸ், தண்ணீர் ஒழுகல், கேஸ் கசிவு, புது ஏ.சி. மாட்டுதல், வீடு மாறும்போது கழற்றி மாட்டுதல். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பார்ப்பதில்லை. நானே நேரில் வருவேன். கிளம்பும் முன் போன் செய்வேன். என்ன பழுது, எவ்வளவு ஆகும் என்று சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகே வேலையைத் தொடுவேன். கேஸ் போடும் முன் கசிவு எங்கே என்று காட்டுவேன். கழற்றிய பழைய பாகத்தை உங்களிடமே கொடுத்துவிடுவேன். எல்லா வேலைக்கும் பில் உண்டு."

இதில் ஒரு வரிக்காவது 'சிறந்த' என்ற சொல் தேவைப்பட்டதா பாருங்கள். "நானே நேரில் வருவேன்" என்பது வீட்டில் தனியாக இருப்பவருக்கு. "பார்ப்பதில்லை" என்ற வரி வீண் அழைப்பைக் குறைக்கும். மற்றதை நன்றாகத் தெரிந்தவர் என்ற நம்பிக்கையையும் தரும். கேஸ் பற்றிய வரி எல்லாவற்றையும்விட முக்கியம். ஏ.சி.யில் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வது கிடையாது. அடைத்த குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது அது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் மேலே மேலே கேஸ் ஏற்றிவிட்டுப் போகிறவர்களால் இந்தத் தொழிலுக்கே கெட்ட பெயர். தம்பி இதைத் தன் புரொஃபைலில் வெளிப்படையாக எழுதினால், ஏற்கெனவே ஏமாந்த ஒருவர் அந்த ஒரு வரிக்காகவே கூப்பிடுவார்.

ஆனால் எழுதியதைச் செய்ய முடியுமா என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். ஒரு பிளம்பருக்கு "30 நிமிடத்தில் வருவோம்" என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். நல்ல மனிதர், அருமையான வேலைக்காரர். மழை நாளில் இரண்டு மணி நேரம் ஆனது. அந்த வாரத்தில் மட்டும் மூன்று பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். மூவருமே வேலையைக் குறை சொல்லவில்லை, வாக்கு தவறியதைத்தான் சொன்னார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு "இன்று வர முடியுமா, நாளைதானா என்று போனிலேயே சொல்லிவிடுவேன்" என்று மாற்றினோம். அதற்குப் பிறகு நேரத்தைப் பற்றிப் புகார் வரவே இல்லை.

விலையை மறைக்காதீர்கள். போனில் கேட்டால் "வந்து பார்த்துத்தான் சொல்லணும்" என்பது பாதி உண்மைதான். பழுதுக்கு அப்படித்தான் சொல்ல முடியும். ஆனால் வாட்டர் சர்வீஸ், ஏ.சி. மாட்டுவது, கழற்றுவது இவற்றுக்கு நிலையான கூலி உண்டு. கூகுளில் 'சேவைகள்' என்ற பகுதியில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக விலையும் சிறு குறிப்பும் போடலாம். மாட்டும் வேலையில் தகராறு வருவது எப்போதும் காப்பர் பைப்பில்தான். கூலியில் எத்தனை அடி பைப் அடக்கம், அதற்கு மேல் அடிக்கு எவ்வளவு, அவுட்டோர் ஸ்டாண்டுக்குத் தனியா, சுவரில் துளை போடுவது சேர்த்தா என்று எழுதிவிடுங்கள். விசிட்டிங் சார்ஜ் உண்டு என்றால் அதையும், வேலை செய்தால் பில்லில் கழிப்பாரா என்பதையும் எழுதுங்கள். அது எவ்வளவு இருக்கலாம் என்று அந்தப் பகுதியில் விசாரித்து முடிவு செய்யுங்கள். எல்லோரையும்விட 100 ரூபாய் குறைத்துப் போட்டு ஆரம்பிப்பது நல்லதல்ல. பேரம் பேசுகிறவர்களே தேடி வருவார்கள், பிறகு ஏற்றவும் முடியாது.

படங்களுக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் வெள்ளைக்கார மெக்கானிக் படத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். அதைப் பார்த்த உடனே, இந்த ஆள் தன் முகத்தைக் காட்ட விரும்பவில்லை என்றுதான் தோன்றும். முதல் படம் தம்பியின் முகம். பகல் வெளிச்சத்தில், வேலைக்குப் போகும் சட்டையில், கூலிங் கிளாஸ் இல்லாமல், சாதாரணமாக. கதவைத் திறக்கும்போது அதே முகம் வெளியே நிற்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் படம். பிறகு வேலைப் படங்கள்: அழுக்கேறிய ஃபில்டரும் கழுவிய ஃபில்டரும் பக்கம் பக்கமாக, ஜெட் வாஷ் செய்யும்போது சுவரும் கட்டிலும் நனையாமல் கட்டிய கவர், ஒழுங்காக வளைத்து டேப் சுற்றிய காப்பர் பைப், முடிந்த பிறகு துடைத்த தரை. என் அனுபவத்தில் பெண்கள் அதிகம் பேசுவது அந்தக் கவர் படத்தைப் பற்றித்தான். வாடிக்கையாளர் வீட்டில் எடுக்கும்போது அனுமதி கேட்க வேண்டும். குழந்தைகள், சுவரில் மாட்டிய குடும்பப் படம், கதவு எண் எதுவும் தெரியக் கூடாது. சாதாரண போன் கேமராவே போதும். கூகுள் 5 எம்.பி.க்குள் கேட்கிறது, 720க்கு 720 பிக்சல் இருந்தால் தெளிவாகத் தெரியும். முதலில் பத்துப் படம், பிறகு வாரம் ஒன்று.

ரிவ்யூவில் பொறுமை வேண்டும். 11 வருடத்தில் தம்பி வேலை செய்து கொடுத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! ஆனால் அதில் பெரும்பாலோர் பழைய டீலரின் வாடிக்கையாளர்கள். அவர்களிடம் போய்க் கேட்பது முறையல்ல. சொந்தமாக எடுத்த முதல் வேலையிலிருந்து ஆரம்பிக்கட்டும். கேட்கும் நேரம்தான் சூட்சுமம். வேலை முடிந்து, ஏ.சி. ஓடி, அறை குளிர்ந்து, அவர்கள் "நல்லா இருக்குப்பா" என்று சொல்லும் அந்த நிமிடம் கேட்க வேண்டும். ரிவ்யூ எழுதுவதற்கான இணைப்பும் கியூ.ஆர். குறியும் புரொஃபைலிலேயே கிடைக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து பில் புத்தகத்தின் அட்டையில் ஒட்டிவிடலாம். "என்ன வேலை செஞ்சேன்னு ரெண்டு வரி எழுதுங்க, தமிழிலேயே எழுதலாம்" என்று சொல்லட்டும். "ஐந்து நட்சத்திரம் போடுங்க" என்று சொல்ல வேண்டாம். வெறும் நட்சத்திரத்தைவிட, "ஒண்டிப்புதூரில் தண்ணீர் ஒழுகிய ஏ.சி., டிரெய்ன் பைப் அடைப்பு என்று காட்டிச் சரிசெய்தார்" என்ற ஒரு வரி அடுத்தவருக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

ரிவ்யூ போட்டால் 50 ரூபாய் தள்ளுபடி என்று கொடுப்பதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. சொந்தக்காரர்களை வைத்து ஒரே நாளில் பதினைந்து போடுவதும் வேண்டாம். அவை நீக்கப்படும், சில சமயம் நல்லவையும் சேர்ந்து போய்விடும். "நூறு ரிவ்யூ இவ்வளவு ரூபாய்" என்று அழைப்பு நிச்சயம் வரும், வைத்துவிடுங்கள். விற்பவர் தானே வாடிக்கையாளர்போல நடித்து ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. 2022ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஆன்லைன் ரிவ்யூவுக்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலையும் வெளியிட்டது.

கெட்ட ரிவ்யூ ஒரு நாள் வரும். வந்த அன்று இரவே பதில் எழுத வேண்டாம், மறுநாள் காலையில் எழுதட்டும். முதலில் போனில் பேசி, முடிந்தால் நேரில் போய்ச் சரிசெய்துவிட்டு, பிறகு பொதுவில் சுருக்கமாக: "ஐயா, சர்வீஸ் முடிந்து மூன்றாம் நாள் மறுபடி ஒழுகியது என்று சொன்னீர்கள். நேற்று வந்து பார்த்ததில் டிரெய்ன் பைப்பின் சரிவு குறைவாக இருந்தது, சரிசெய்துவிட்டேன். இதற்குக் கூலி வாங்கவில்லை." வாதாட வேண்டாம். அவர் வீட்டு விவரத்தையோ பெயரையோ அதில் இழுக்க வேண்டாம். அடுத்த வாரம் தேடுகிற அந்த அம்மா முதலில் திறந்து படிப்பது ஒற்றை நட்சத்திர ரிவ்யூவையும் அதற்குக் கீழே உள்ள பதிலையும்தான்.

இப்போது பணம் கட்டும் விஷயம். ஜஸ்ட் டயலிலும் சுலேகாவிலும் கூகுளில் எழுதிய அதே பெயர், நம்பர், விளக்கம், படங்களை வைத்து முதலில் இலவசமாகப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த சில நாளில் எந்தத் தளமாக இருந்தாலும் விற்பனைப் பிரிவிலிருந்து பேக்கேஜ் எடுக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். போனில் சம்மதம் சொல்ல வேண்டாம். என்னிடம் வரும் ஒரு எலக்ட்ரீஷியன் ஒரு தளத்தில் போனிலேயே தலையாட்டிவிட்டார். வருடம் முழுக்க மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாடு அது என்பது மூன்றாவது மாதம்தான் அவருக்குப் புரிந்தது. வந்த அழைப்பில் பாதி வேறு ஊர், மீதியில் பாதி சும்மா விலை விசாரித்தவர்கள். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஒரு லீட் எத்தனை பேருக்குப் போகும், எந்தப் பகுதிக்குள், தவறான நம்பருக்குப் பணம் திரும்புமா, நடுவில் நிறுத்தலாமா, ஆட்டோ டெபிட் இருக்கிறதா. எடுப்பதென்றால் மிகக் குறைந்த காலத்துக்கு, மார்ச் மாதத்தில் எடுங்கள். அந்த ஒரு மாதம் ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள்: வந்த அழைப்பு, கிடைத்த வேலை, கைக்கு வந்த தொகை. ஒரு வேலைக்குக் கட்டிய லீட் செலவு, அந்த வேலையின் கூலியில் கால்வாசியைத் தாண்டினால் நான் தொடரச் சொல்ல மாட்டேன். அழைப்பு வந்த ஐந்து நிமிடத்துக்குள் திரும்பக் கூப்பிட முடியாதவர்களுக்கு இந்த வகைத் தளம் நஷ்டம்தான். ஏணியில் நிற்கும்போது போனை எடுக்க முடியாது. அந்த நேரத்தில் நீங்கள் எடுத்துப் பேசி நேரம் குறித்துக் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள், அக்கா. குடும்பமாகச் செய்பவர்கள் இதில் பிழைத்துக்கொள்கிறார்கள்.

அர்பன் கம்பெனி 2014ல் குருகிராமில் அர்பன்கிளாப் என்ற பெயரில் தொடங்கியது. 2020ல் பெயர் மாறியது. அங்கே தம்பிக்கென்று சொந்தப் புரொஃபைல் எழுதும் வேலை அதிகம் இல்லை. விலையை அவர்கள் வைக்கிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள், பின்னணி சரிபார்க்கிறார்கள், வேலையை ஒதுக்குகிறார்கள், கமிஷன் எடுத்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர் அவர்களுடையவர். ஆரம்பத்தில் கையில் வேலையே இல்லாதவருக்கு இது வேலை நாட்களை நிரப்பும். ஆனால் 11 வருட அனுபவமும் சொந்தப் பெயரும் உள்ளவர் அதையே நம்பி இருப்பதை நான் விரும்பவில்லை. சேருவதென்றால் கமிஷன் எத்தனை சதவீதம், கருவியும் பொருளும் அவர்களிடமே வாங்க வேண்டுமா, ரேட்டிங் குறைந்தால் என்ன ஆகும் என்ற மூன்றையும் கேட்டுவிட்டுச் சேரட்டும்.

வரி பற்றிப் பயம் வேண்டாம். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு. தளம் வழியாகப் பணம் வந்தால் பான் எண்ணைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். அந்தத் தளம் வழியாக வருடத்தில் 5 லட்சத்துக்குள் வரவு உள்ள தனிநபர் பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் வருமான வரி பிடிக்க மாட்டார்கள். அதற்கு மேல் போனால் 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதம்தான். பான், ஆதார் இரண்டுமே கொடுக்காவிட்டால் 5 சதவீதம் பிடிப்பார்கள்.

நம்பர் பொதுவில் வந்துவிட்டால் ஏமாற்றுக்காரர்களும் கூப்பிடுவார்கள். "ராணுவ முகாமில் பத்து ஏ.சி. சர்வீஸ், அட்வான்ஸ் அனுப்புகிறோம், இந்த கியூ.ஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பது பழைய தந்திரம், இன்னும் ஆட்கள் விழுகிறார்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் அது பணம் போகிற வழி. "கூகுளிலிருந்து பேசுகிறோம், புரொஃபைலை உறுதிப்படுத்த 5,000 கட்டுங்க" என்பதும் அதே ரகம். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகு இதற்கு வாரம் கால் மணி நேரம் போதும். ஞாயிறு இரவு ஒரு புதுப் படம், வந்த ரிவ்யூவுக்கெல்லாம் பதில், கூலி மாறியிருந்தால் சேவைகள் பகுதியில் திருத்தம். குலசாமி கோயில் பூஜைக்கு மூன்று நாள் ஊருக்குப் போகிறார் என்றால், கிளம்பும் முன் கூகுளில் 'சிறப்பு நேரம்' பகுதியில் அந்த மூன்று நாளையும் 'மூடியிருக்கும்' என்று குறித்துவிட்டு, லீட் தளங்களில் பதிவை நிறுத்தி வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் திரும்பி வரும் தேதியைப் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.